கையறிவும் கருவியறிவும்

(திருவாமாத்தூர் வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் வாழ்ந்து, 1898-இல் மறைந்த ஊர் இத்திருவாமாத்தூர். சொல்லில் சந்தம் அமைவதற்கு அவர் 'வண்ணத்தியல்பு' என்னும் இலக்கணம் வகுத்தார். கையில் சந்தம் அமைவதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. அது ஏட்டில் இல்லை. நம் பறையிசைக் கலைஞர்களின் மணிக்கட்டில் இருக்கிறது. இன்றைய மின்னணுத் தாளக் கருவிகளுக்கு அவ்விலக்கணம் எவ்வாறு தேவைப்படுகிறது என்பதையே பேச எடுத்துக்கொண்டேன்.

இக்கருவிகளில் தோல் இல்லை. கையசைவை அறியும் உணரி, அவ்வசைவுக்குரிய ஒலியைத் தேர்ந்தெடுக்கும் கணினி, ஒலிபெருக்கி ஆகிய மூன்றே உறுப்புகள். வானொலி அலைகளை வெளியிடும் இரு கோல்களைப் பலகையின்மேல் அசைத்து இசையை ஆளும் கருவியை அமெரிக்கரான மேக்ஸ் மேத்யூஸ் 1980-களில் உருவாக்கினார். 2002-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் அஜய் கபூரும் அவர்தம் தோழர்களும் அழுத்தத்தை அறியும் உணரிகளைப் பொருத்தி மின்னணுத் தபேலா ஒன்றை அமைத்தனர்.

பறைக்கு அவ்வாறு ஒன்று செய்ய முற்பட்டால் என்ன நேரும்? வலக்கையின் குட்டையான அடிக்குச்சி ஓரிடத்தில் விழுகிறது. அதனை ஓர் உணரி அளந்துவிடும். இடக்கையின் மெல்லிய நீண்ட சிம்புக்குச்சியோ தோலின்மீது நீளவாக்கில் படிகிறது. புள்ளியை மட்டும் அளக்கும் உணரிக்கு அது புலப்படாது. 1983-இல் வந்த மிடி முறை அடியின் வேகத்தை 127 வரையுள்ள எண்ணால் குறிக்கும். படிந்த அடியா, துள்ளிய அடியா என்பதை அவ்வெண் சொல்லாது. வெறுங்காற்றில் வீசினால் குச்சியைத் திருப்பியனுப்பத் தோலும் இல்லை. அவ்வெதிர்த்துள்ளல் இன்றி விரைவடிகள் அமைவது கடினம். இவற்றை எடுத்துச் சொல்ல வல்லவர் பறையடிப்பவரே.

மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணை அதன் மேற்சுரங்களை இசைவுறச் செய்வதைச் சர் சி. வி. இராமன் 1920-இல் அறிவியல் உலகுக்கு விளக்கினார். அக்கரணையைச் செவியால் அளந்து இட்டவர்கள் பெரும்பாலும் நம் மக்கள். பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்தளித்த பர்லாந்துவின் பெயரை எத்தனை ரசிகர்கள் அறிவர்? 2020-இல் டி. எம். கிருஷ்ணா எழுதிய நூல் அவ்வினைஞர்களின் வரலாற்றை விரித்துரைத்தது. தோலைத் தொட்டவரைச் சமுதாயம் விலக்கியது. தோலில் பிறந்த இசையை மேடையேற்றியது. தோலே இல்லாத கருவியிலும் இக்கதை தொடரக்கூடும். நம்மவர் அடித்துக் காட்டுவர், ஒலி பதிவாகும், கருவி விலைக்கு வரும், அடித்தவர் பெயர் மட்டும் இராது.

சாவுக்குப் பறையடிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட தலைமுறை, "இக்குச்சி என் பிள்ளையின் கையில் வேண்டா" என்றது. அதன் நியாயத்தை நான் மறுக்கவில்லை. நான் கேட்பது அத்தொழிலையன்று; அதிலுள்ள அறிவை. அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது நாடே அவ்வறிவை வணங்கியது.

ஆகவே, பொறியியலும் பாலிடெக்னிக்கும் பயிலும் தம்பி தங்கையரே! அதிர்வை மின்னாக்கும் சிறு வில்லைகள் மலிவாகக் கிடைக்கின்றன. ஒன்றை வாங்குங்கள். உங்கள் தெருவின் முதிய கலைஞர் அருகில் அமர்ந்து, அவர் கை செல்லும் வழியைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யும் கருவியில் அவர் பெயரையும் உங்கள் பெயரையும் பொறியுங்கள். அப்பெயர்களைப் படிக்கவும் எழுதவும் நமக்கு எழுத்தறிவித்ததே இச்சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டுப் பணி.