இரும்புக்கை மாயாவிக்கு ஒரு அலமாரி
(நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கீழ்த்தளத்தில் வைக்கப்போகும் குழந்தைகள் புத்தக அலமாரியில் காமிக்ஸ் வேண்டுமா, வேண்டாமா என்று நம் வாட்ஸ்அப் குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. "பொது அறிவுப் புத்தகம் வாங்கலாமே" என்றார்கள் சிலர். அதையும் வாங்குங்கள். ஆனால் நான் 'வேண்டும்' கட்சி. காரணம் சொல்ல ஐந்து நிமிடம் கேட்டிருக்கிறேன்.

இங்கே ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் 'இரும்புக்கை மாயாவி' என்று சொன்னால் போதும். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியபோது முதல் இதழே இவர் கதைதான். பிறந்தது 1962இல், இங்கிலாந்தின் 'வேலியண்ட்' வார இதழில். வரைந்தவர் ஸ்பெயின்காரர், ஹெசூஸ் பிளாஸ்கோ. ஆனால் தமிழ் பேச ஆரம்பித்த பிறகு அவரை வெளியூர்க்காரராக யாரும் நினைக்கவில்லை.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வுக்கூட உதவியாளர். விபத்தில் வலது கை போய், இரும்புக்கை பொருத்தியிருக்கிறார். ஒருநாள் ஆய்வுக்கூடத்தில் மின்சாரம் தாக்குகிறது. உடம்பு முழுக்க மறைந்துவிடுகிறது, இரும்புக்கை மட்டும் மறையவில்லை!

பிள்ளைகளைப் பிடித்து இழுத்தது அந்தக் கைதான் என்பது என் எண்ணம். முழுக்க மறைந்துவிட்டால் கதையே இல்லையே. கை தெரியும், மாட்டிக்கொள்ளலாம். மறைய வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் கரண்ட் வேண்டும். கொஞ்ச நேரத்தில் அதன் வேகமும் இறங்கிவிடும். கரண்ட் கட்டானால் என்ன செய்வார் என்று நாங்கள் மணிக்கணக்கில் சண்டை போட்டிருக்கிறோம். இதே சங்கதி ஹாரி பாட்டரிலும் உண்டு. மாய அங்கியைப் போர்த்தினால் ஆள் தெரியாது. ஆனால் பிள்ளைகள் வளர வளர அங்கி பற்றாமல் கால் வெளியே தெரிகிறது. எதையும் செய்துவிட முடிகிற மந்திரம் குழந்தைக்குச் சீக்கிரமே சலித்துவிடும். கணக்கு இருக்கிற மந்திரத்தைத்தான் அது விடாமல் யோசிக்கிறது.

இன்னொன்று, மாயாவி முதலில் நல்லவர் இல்லை. சக்தி கிடைத்ததும் கொள்ளையடிக்கக் கிளம்புகிறார். திருந்தி உளவாளியாவதெல்லாம் பிறகுதான்.

நம் பக்கத்தில் இந்தக் கதை இவ்வளவு ஒட்டிக்கொண்டதற்கு வேறு காரணமும் உண்டு. 1970இல்தான் எண்ணூர் அனல் மின் நிலையம் ஓடத் தொடங்கியது. 450 மெகாவாட் வரை வளர்ந்து, 2017இல் மூடப்பட்ட நிலையம். எர்ணாவூர், கத்திவாக்கம் பிள்ளைகளுக்கு மின்சாரம் என்பது கண்ணெதிரே நின்ற புகைபோக்கி. இரும்பும் அப்படித்தான். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை துறைமுகமும் பட்டறையும் லேத்தும் இருக்கிற ஊர். பவர் பிரஸ்ஸில் விரல் போனவர்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். பெரியவர்கள் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். "அந்தக் கையை உத்துப் பார்க்காதே" என்று மட்டும் சொல்வார்கள்.

ஆனால் காமிக்ஸில் வருகிற கதாநாயகனுக்கே ஒரு கை கிடையாது. அவரைப் பார்த்து யாரும் 'ஐயோ பாவம்' சொல்வதில்லை. எல்லாரும் நடுங்குகிறார்கள். விரல் போன அந்த இருவரில் ஒருவருடைய மகன் எங்களோடு விளையாடுவான். சிகரெட் பெட்டித் தாளைக் கையில் சுற்றிக்கொண்டு மாயாவி ஆவதற்கு அவனுக்குத்தான் முதல் உரிமை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை, சொன்னதும் இல்லை. பொது அறிவுப் புத்தகத்தில் இது கிடைக்குமா, சொல்லுங்கள்.

லயன்-முத்து காமிக்ஸ் மறுபதிப்புகள் இப்போதும் வருகின்றன. அவற்றில் சிலவற்றை வாங்கலாம். பரணில் பழைய இதழ்கள் கிடந்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள், சங்க அலுவலகத்தில் கொடுங்கள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒட்டித் தர நான் தயார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னவர்களுக்கு ஒரு வார்த்தை. பிளக்கில் விரல் விட்டால் யாரும் மறைய மாட்டோம், நேரே ஆஸ்பத்திரிதான்.