தடித்த எழுத்தும் மூன்று சுழியும்



இலக்கியம் முழங்கும் இம்மேடையில் ஓர் அச்செழுத்தைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். இரயில்வே எழுத்தராகிய நமக்கு எழுத்தின் பொருளினும் அதன் உருவமே நாள்தோறும் கண்ணிற் படுகின்றது. பார்சல் மூட்டையின் மேல் ஊர்ப்பெயர் தெளிவாக இல்லையெனின் மூட்டை வேறோர் ஊர் போய்ச் சேரும்.

நாம் சொல்ல வந்தது கூப்பர் பிளாக் என்னும் ஆங்கில எழுத்து. அமெரிக்காவிலே சிகாகோ நகரில் வாழ்ந்த ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்தது. பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்டு ஸ்பிண்ட்லர் என்னும் எழுத்து வார்ப்பகம் 1922-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதற்குக் கூரிய மூலையே கிடையாது. அடிப்பாகமும் தட்டையன்று, தட்டில் வைத்த இட்டலியைப் போல் வளைந்து அமர்ந்திருக்கும். உடல் பெருத்து, உள்வெளி சிறுத்திருக்கும்.

விளம்பரக்காரர்க்கு இது வரமாயிற்று. மை சற்றே பரவினும், தாள் முரடாயினும் உருவம் கெடாது. முனைகள் முன்னமே மழுங்கியவை அல்லவா? பழைமைப் பற்றுடைய அச்சாளர் சிலர் இதனைக் கரிய தொல்லை என்று இகழ்ந்தனர். மக்களோ விரும்பினர். 1966-இல் பீச் பாய்ஸ் குழுவினர் வெளியிட்ட பெட் சவுண்ட்ஸ் இசைத்தட்டின் உறையில் உள்ளது இதுவே. 1995-இல் தொடங்கிய ஈசிஜெட் விமான நிறுவனமும் தன் பெயரை இதிலேயே பொறித்துக்கொண்டது.

இனி, நம் கதைக்கு வருவோம். சென்ற ஆண்டு விழா அழைப்பிதழை ஓர் அச்சகத்தார், அழகு கருதி, இத்தகைய தடித்த உருண்டைத் தமிழெழுத்திலேயே முழுவதும் அச்சிட்டனர். தலைப்பு கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. கீழே சிறிய வரிகளிலோ சுழிகள் அடைபட்டுப் போயின. ஆங்கில ‘ஓ’வுக்கு உள்ளே ஒரே வெளி, எவ்வளவு கொழுக்க வைத்தாலும் தாங்கும். நம் ணகரத்துக்கு மூன்று சுழி, னகரத்துக்கு இரண்டு. சுழி அடைபட்டால் எது எதுவென்று யார் சொல்ல வல்லார்? எண்களும் அவ்வாறே. மாலை 6 மணி என்பது முதியவர் ஒருவர்க்கு 8 என்று தெரிந்தது. பேத்தியின் நடனம் முடிந்த பின்னரே வந்து சேர்ந்தார். எவரையும் அவர் குறை கூறவில்லை. வெற்றிலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். அச்சகத்தாரை நோவதில் பயனில்லை. மெய்ப்புப் பார்த்து ஒப்பமிட்டவர் நாமே.

ஆகையால் இவ்வாண்டு தலைப்பை மட்டும் தடித்த எழுத்தில் இட்டு, நாளையும் நேரத்தையும் மெலிந்த எழுத்தில் அகலமாக இடச் செய்தோம். முன்போல் பகட்டாக இல்லை என்று இளைஞர் சிலர் முணுமுணுத்தனர். அப்பெரியவர் இன்று ஐந்தரை மணிக்கே வந்து முதல் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்.

சங்கத்தின் பெயர்ப்பலகை வேறு செய்தி. அது தெருமுனையிலிருந்தே தெரிதல் வேண்டும். அதனைத் தடித்த உருண்டை எழுத்திலேயே, மூன்று சுழிக்கும் இடம் விட்டு, ஆள் உயரத்துக்குத் தீட்டுமாறு ஓவியரிடம் சொல்லியிருக்கின்றோம்.