பாக்ஸிங்கா, குஸ்தியா? ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழியில எது கைகொடுக்கும்?

(எபிசோடின் ஒலிப்பதிவை எழுத்தாக்கி, படிப்பதற்கு ஏற்றபடி சற்றே சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் நேரா கேள்விக்கே போயிடலாம்.

காட்டுப்பள்ளி பக்கம் கான்ட்ராக்ட்ல வேலை பார்க்கிற ஒரு தம்பி வாய்ஸ் நோட் அனுப்பியிருந்தார். மீஞ்சூர்ல ரூம் எடுத்துத் தங்கியிருக்கார். அவரோட தங்கச்சியும் அதே ஏரியால வேற கம்பெனியில செகண்ட் ஷிஃப்ட். தம்பி கேட்டது இதுதான்: "அண்ணா, தற்காப்புக்கு ஏதாவது கத்துக்கலாம்னு இருக்கேன். ஒருத்தருக்குத்தான் ஃபீஸ் கட்ட முடியும். நான் போய்க் கத்துக்கிட்டு வந்து தங்கச்சிக்கும் சொல்லித் தரலாம்னு பிளான். பாக்ஸிங் சேரட்டுமா, குஸ்தி சேரட்டுமா?"

இதுல உண்மையில ரெண்டு கேள்வி இருக்கு. எதைக் கத்துக்கிறது? யார் கத்துக்கிறது? ரெண்டாவதுக்குக் கடைசியில வர்றேன்.

முதல்ல இடத்தைப் பார்ப்போம்

காட்டுப்பள்ளி தெரியாதவங்களுக்கு: எண்ணூருக்கு வடக்கே, ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்ஹாம் கால்வாயும் கழிமுகமும். நடுவுல நீளமா கிடக்கிற மணல் திட்டு. அதுலதான் துறைமுகம், கப்பல் கட்டும் தளம் எல்லாம். வேலைக்கு வர்றவங்க நிறைய பேர் மீஞ்சூர், அத்திப்பட்டு ஸ்டேஷன்ல இறங்கி அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடிப்பாங்க. ரோட்டோரம் வரிசையா கன்டெய்னர் லாரி. கீழே ஜல்லி, மணல், உடைஞ்ச கான்கிரீட்.

இதை ஏன் சொல்றேன்னா, சண்டைக் கலையைப் பத்தி பேசுறவங்க பெரும்பாலும் ரிங்கையும் மேட்டையும் மனசுல வச்சுத்தான் பேசுவாங்க. நம்ம தம்பி நடக்கப்போறது ஜல்லி மேல. முதுகுல பை, கால்ல இரும்பு வச்ச சேஃப்டி ஷூ, கழுத்துல ஐடி கார்டு கயிறு. இந்த மூணையும் ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்பவும் வரும்.

பாக்ஸிங் என்ன தருது?

வடசென்னைக்காரங்களுக்கு பாக்ஸிங்கை அறிமுகப்படுத்த வேண்டியதில்ல. சார்பட்டா, இடியப்ப நாயக்கர்னு பரம்பரை பரம்பரையா ஆடின மண். 2021ல பா. ரஞ்சித் படம் வந்த பிறகு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. 1980ல முகமது அலியே மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல காட்சிப் போட்டி ஆடிட்டுப் போனார். அதனால இந்தப் பக்கம் பாக்ஸிங் கத்துக்க இடம் தேடி ரொம்ப அலைய வேண்டாம்.

பாக்ஸிங்ல கிடைக்கிற முதல் லாபம் குத்து இல்ல, தூரம். எதிராளி கை நீட்டினா எட்டுமா எட்டாதான்னு கண்ணு தானா கணக்குப் போட ஆரம்பிச்சிடும். ரெண்டாவது, கால். பின்னால போறது, பக்கவாட்டுல நகர்றது, காலைப் பின்னிக்காம திரும்புறது. மூணாவது, அடி வாங்குற பழக்கம். முகத்துல முதல் அடி விழும்போது பெரும்பாலானவங்க உறைஞ்சு போவாங்க, கண்ணை மூடிக்குவாங்க. ஸ்பாரிங் போனவங்களுக்கு அந்த அதிர்ச்சி குறைவு. கண்ணு திறந்திருக்கும், வாசல் எங்கே இருக்குன்னு தெரியும்.

இனி குறைகள். கையுறை போட்டுக் குத்துறது வேற, வெறுங்கையில மண்டையைக் குத்துறது வேற. சுண்டுவிரலுக்குக் கீழே இருக்கிற எலும்பு உடையறதுக்கு 'பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர்'னே பேர். கையை நம்பி வேலை பார்க்கிற ஃபிட்டருக்கோ வெல்டருக்கோ அது ஆறு வாரச் சம்பளப் பிரச்சினை. அதனால தெருவுல முஷ்டிக்குப் பதிலா உள்ளங்கையோட அடிப்பாகத்தால அடிக்கிறது நல்லது. இன்னொரு குறை, ரிங்ல எதிராளி கட்டிப்பிடிச்சா நடுவர் வந்து பிரிச்சு விடுவார். ரோட்டுல யாரும் பிரிக்க மாட்டாங்க. பாக்ஸிங் பாடம் அந்த இடத்தோட முடிஞ்சு போகும்.

குஸ்தி என்ன தருது?

பாக்ஸிங் நிக்கிற இடத்துலதான் குஸ்தி ஆரம்பிக்குது. மல்யுத்தம் ஏதோ வடநாட்டுச் சமாச்சாரம்னு நினைக்காதீங்க. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோட மோதினதைச் சாத்தந்தையார் பாடினது புறநானூற்றுல இருக்கு. பல்லவன் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன்னு பட்டம். பெரிய மல்லன்னு அர்த்தம். நாம பைக்ல ரவுண்டு போற மாமல்லபுரத்துக்கு அந்தப் பேர்தான்.

யாராவது சட்டையைப் பிடிச்சா, பின்னாலிருந்து இடுப்பைக் கட்டினா, கீழே தள்ளினா, அங்கே குஸ்திக்காரர்தான் ராஜா. எடையை எங்கே வைக்கணும், எதிராளியோட பேலன்ஸ் எப்போ உடையுது, அக்குளுக்குக் கீழே கையைக் கொடுத்து எப்படித் திருப்பணும்னு அவர் உடம்புக்குத் தெரியும். இன்னொரு நல்லது, பல்லை உடைக்காம ஒருத்தரைக் கட்டுப்படுத்தலாம். குடிச்சிட்டு ரகளை பண்ற ரூம்மேட்டை யாரும் குத்த வேண்டாம், பிடிச்சு உட்கார வச்சா போதும்.

நேருக்கு நேர் மோதினா எது ஜெயிக்கும்? உலகமே இதைச் சோதிச்சுப் பார்த்திருக்கு. 1976 ஜூன் 26, டோக்கியோ. முகமது அலியும் ஜப்பான் மல்லர் அன்டோனியோ இனோகியும். இனோகி பெரும்பாலான நேரம் தரையில படுத்துக்கிட்டே அலியோட காலை உதைச்சுக்கிட்டிருந்தார். 15 ரவுண்டு, கடைசியில டிரா. பார்த்தவங்களுக்குச் செம கடுப்பு. 2010ல பாஸ்டன்ல நடந்த யூஎஃப்சி போட்டி அப்படி இழுக்கல. முன்னாள் உலக பாக்ஸிங் சாம்பியன் ஜேம்ஸ் டோனியை, மல்யுத்தத்துல வளர்ந்த ரேண்டி கூட்யூர் ஆரம்பத்துலேயே காலைப் பிடிச்சுச் சாய்ச்சு, முதல் ரவுண்டுலேயே முடிச்சிட்டார்.

அப்போ குஸ்திதான் பதில்னு தோணும். கொஞ்சம் பொறுங்க. அங்கே எதிரே ஒருத்தர்தான், கீழே மேட், கையில கத்தி கிடையாது. நம்ம ரோட்டுல ஒருத்தனைக் கட்டிப்பிடிச்சுக் கீழே உருண்டா, அவன் கூட்டாளி உங்க தலையை உதைப்பான். ஜல்லி மேல முட்டி போட்டு விழுந்தா முட்டி போச்சு. இன்னொரு பழக்கமும் இருக்கு. மல்யுத்தத்துல ரெண்டு தோளும் தரையைத் தொட்டா தோல்வி. அதனால மல்லர்கள் கவிழ்ந்து படுத்துத் தப்பிக்கப் பழகியிருப்பாங்க. தெருவுல கவிழ்ந்து படுத்தா முதுகையும் பின்மண்டையையும் எதிராளிக்குக் கொடுத்துட்டோம்னு அர்த்தம்.

எது எங்கே உதவும்?

நான் இப்படிப் பிரிச்சுக்குவேன். கைக்கு எட்டாத தூரத்துல இருக்கிற வரைக்கும் பாக்ஸிங். உடம்பு உடம்போட ஒட்டிட்டா குஸ்தி. ஆனா ரெண்டுக்கும் நோக்கம் ஒண்ணுதான்: நின்னபடி இருக்கணும், கிளம்பிடணும்.

அதனால குஸ்தி முழுசா கத்துக்க நேரம் இல்லாதவங்க அதுல மூணே விஷயம் எடுத்துக்கலாம். ஒண்ணு, காலைப் பிடிக்க வர்றவனை இடுப்பைப் பின்னால எறிஞ்சு தடுக்கிறது. ஸ்ப்ரால்னு சொல்வாங்க. ரெண்டு, கட்டிப்பிடியிலிருந்து விடுபடுறது. மூணு, கீழே விழுந்தா தலையைக் காப்பாத்திக்கிட்டு எழுந்திரிக்கிறது. தனியா மல்யுத்தப் பயிற்சி பக்கத்துல கிடைக்கலைன்னா ஜூடோவுலயோ ஜியு-ஜிட்சுவுலயோ இதுக்கு நெருக்கமான பாடம் கிடைக்கும்.

கத்தி வந்தா? ரெண்டு கலையும் வேண்டாம். போனைக் கொடுங்க, பையைக் கொடுங்க, ஓடுங்க. வழி அடைச்சிருந்தா முதுகுப் பையை முன்னால பிடிச்சு இடைவெளி வச்சுக்கோங்க. போன் திரும்ப வாங்கிக்கலாம்.

அடிக்கு முன்னாடி, அடிக்குப் பின்னாடி

முன்னாடி சொன்ன மூணு சாமானுக்கு வருவோம். ஐடி கார்டு கயிறு: கேட்டைத் தாண்டினதும் கழட்டிப் பாக்கெட்டுல போடுங்க. கழுத்துல தொங்கினா அது பிடிச்சு இழுக்கிறவனுக்கு ரெடிமேட் சுருக்கு. சேஃப்டி ஷூ: கிளாஸ்ல லைட் ஷூ போட்டுப் பழகின கால், இந்த எடையில வேற மாதிரி நகரும். வாரத்துல ஒரு நாளாவது அந்த ஷூவைப் போட்டு, வெறும் தரையில கால் அசைவு மட்டும் பழகுங்க. முதுகுப் பை: ஒரு தோள்ல மட்டும் மாட்டினா, இழுக்கிறப்போ விட்டுட்டு ஓடிடலாம். ரெண்டு தோள்லயும் மாட்டினா நீங்களும் சேர்ந்து போவீங்க.

அடுத்தது சட்டம். 2024 ஜூலை 1லேருந்து இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலா பாரதிய நியாய சன்ஹிதா. அதுல 34லேருந்து 44 வரைக்கும் தற்காப்பு உரிமையைப் பத்தின பிரிவுகள். உங்க உடம்பையும் மத்தவங்க உடம்பையும் காக்கிற உரிமை உங்களுக்கு உண்டு. ஆனா தேவைக்கு மேல காயப்படுத்தக் கூடாதுன்னு 37ஆம் பிரிவு சொல்லுது. எதிராளி கீழே விழுந்துட்டான், ஆபத்து முடிஞ்சது. அதுக்கப்புறம் ஒரு உதை கொடுத்தா அது தற்காப்பு இல்ல, வழக்கு உங்க மேல.

இதுல உயிரும் இருக்கு. ஒரே குத்துல ஆள் மயங்கிச் சாய்ஞ்சு, பின்மண்டை தரையில மோதி இறந்துபோற சம்பவங்கள் உலகம் முழுக்க நடக்குது. ஆஸ்திரேலியாவுல நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2014ல இதுக்குன்னே தனிச் சட்டம் போட்டுச்சு. கான்கிரீட் மேல விழுற தலைக்கு யார் சண்டையை ஆரம்பிச்சாங்கன்னு தெரியாது. ஈகோ சண்டைன்னா, "சரி பாஸ், நீங்களே பெரிய ஆளு"ன்னு சொல்லிட்டு நகர்றதுதான் நான் சொல்லக்கூடிய சிறந்த டெக்னிக்.

நம்பர்கள்: அவசரம்னா 112. பெண்களுக்கான உதவிக்கு 181. ரயில்லயோ ஸ்டேஷன்லயோ பிரச்சினைன்னா 139. மூணையும் இப்பவே சேவ் பண்ணுங்க.

அப்போ யார் கிளாஸுக்குப் போறது?

தம்பி, உங்க பிளான்ல ஒரு சின்ன மாற்றம் சொல்றேன். தங்கச்சியை அனுப்புங்க.

காரணம் இருக்கு. தூரத்தையும் அடி வாங்குற பழக்கத்தையும் இன்னொருத்தர் சொல்லித் தந்து வராது. அது பல பேரோட பழகினாத்தான் உடம்புல ஏறும். வீட்டுல அண்ணன் பிடிக்கிற பிடியில தங்கச்சிக்கு அடிபடக் கூடாதுன்னு ஒரு இரக்கம் இருக்கும். பாதிப் பிடியிலேயே விட்டுடுவீங்க. அதுல தப்பிச்சவங்க நிஜப் பிடியிலும் தப்பிப்போம்னு நம்பிடுவாங்க. அந்த நம்பிக்கைதான் ஆபத்து. தவிர, அவங்க மேல கை வைக்க வர்றவன் பெரும்பாலும் எடை கூடினவனா இருப்பான். எடை குறைஞ்சவங்களுக்குத்தான் அதிகப் பயிற்சி தேவை.

முதல் மூணு மாசம் அவங்க பாக்ஸிங் போகட்டும். பக்கத்துல கிடைக்கும், கால் அசைவு வரும், பயம் தெளியும். அடுத்த மூணு மாசம் நான் சொன்ன அந்த மூணு பிடி விஷயத்துக்கு. ஞாயித்துக்கிழமை அவங்க உங்களுக்குச் சொல்லித் தரட்டும். நீங்க எடை கூடின ஆள், முழு பலத்தோட பிடிச்சுப் பாருங்க. அப்போ அவங்க கத்துக்கிட்டது நிஜமா வேலை செய்யுதான்னு ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிடும். கையில காசு சேர்ந்ததும் நீங்களும் போங்க.

முக்கியமா, போகலாமா வேண்டாமா, எந்த கிளாஸ்னு முடிவை அவங்ககிட்டயே கேளுங்க. வாய்ஸ் நோட் முழுக்க உங்க குரல்தான் கேட்டுச்சு. அவங்களுக்கு எந்த இடத்துல, எத்தனை மணிக்கு பயமா இருக்குன்னு அவங்களுக்குத்தான் தெரியும். ஒருவேளை பாக்ஸிங்கைவிட, செகண்ட் ஷிஃப்ட் முடியறப்போ கம்பெனி வண்டி மீஞ்சூர் ஸ்டேஷன் வரைக்கும் வந்தா போதும்னு சொல்லலாம். அப்படின்னா அதைக் கேட்டு வாங்குறதும் தற்காப்புதான். கூட வேலை பார்க்கிற பத்து பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தா அதுக்கு எடை கூடும்.

அவ்வளவுதான் மக்களே. உங்க ஏரியால நல்ல பயிற்சி இடம், நியாயமான ஃபீஸ், பெண்களுக்குத் தனி நேரம் எல்லாம் இருந்தா வாய்ஸ் நோட்ல சொல்லுங்க, அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். பத்திரமா வீடு போய்ச் சேருங்க. வணக்கம்.