தனித்து நிற்கும் தொடர்



பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டு டெல்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நமக்கு, வீட்டில் தமிழ், வீதியில் அவ்வூர் மொழி, அலுவலகத்தில் ஆங்கிலம் என மும்மொழியோடும் உறவு உண்டு. அவற்றுள் ஆங்கிலத்தில் நாம் அடிக்கடி வழுக்கி விழும் ஓர் இடத்தை இன்று காண்போம்.

நோயுற்றுப் படுத்திருக்கும் ஒருவர், தம் மகனைக் கொண்டு மேலதிகாரிக்கு விடுப்புக் கடிதம் எழுதுவிக்கிறார் என்று கொள்வோம். 'பீயிங் இல், மை சன் இஸ் ரைட்டிங் திஸ் லெட்டர்' என்று கடிதம் தொடங்குகிறது. நோய் தந்தைக்கு, வாக்கியமோ அதனை மகன் மேல் ஏற்றிவிட்டது! படிக்கும் அதிகாரி, மகனுக்கே நோய் என்று கருதுவார். 'ஐ பீயிங் இல்' என்று ஒரு சிறு சொல்லை முன்னே சேர்த்தால் நோய் உரியவரிடம் திரும்பிவிடும்.

இவ்வாறு தனக்கென ஒரு பெயரை உடன்கொண்டு, முற்றுவினை இன்றி, வாக்கியத்தின் முழுப் பொருளையும் தழுவி நிற்கும் தொடரை ஆங்கில இலக்கணத்தார் 'அப்ஸொல்யூட் பிரேஸ்' என்பர். கட்டினின்று விடுபட்டது என்பது அதன் மூலமாகிய இலத்தீன் சொல்லின் பொருள். நாம் அதனைத் தனிநிலைத் தொடர் எனலாம்.

இது நமக்குப் புதியதன்று. 'முருகன் வந்து அமர்ந்தான்' என்னும்போது வந்தவனும் அமர்ந்தவனும் ஒருவனே. 'மழை பெய்யக் குளம் நிறைந்தது' என்னும்போதோ பெய்தது வேறு, நிறைந்தது வேறு. 'செய்து' என்னும் எச்சம் தன் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என்றும், 'செய' என்னும் எச்சம் பிறிதொன்றன் வினையையும் கொள்ளும் என்றும் தொல்காப்பியர் வினையியலில் வகுத்துள்ளார். தமிழ் வினையின் ஈற்றால் காட்டும் இவ்வேறுபாட்டை, ஆங்கிலம் பெயரை நிறுத்தியே காட்டுகிறது. 'தி ரெயின் ஹேவிங் ஸ்டாப்ட், வி செட் அவுட்' என்றால் மழை நின்றது, நாம் புறப்பட்டோம். 'தி ரெயின்' என்பதை நீக்கிவிட்டால், நின்றவர்களும் நாமே என்றாகிவிடும்.

பின் ஏன் தவறுகிறோம்? தமிழில் 'நான்', 'நீ' என்பவற்றைச் சொல்லாமல் விடுவது இயல்பு. கேட்பவர் இடமறிந்து கொள்வார். அப்பழக்கத்தையே ஆங்கிலத்திலும் கைக்கொள்கிறோம். ஆங்கிலமோ, சொல்லாது விட்ட எழுவாயை முதன்மை வாக்கியத்தின் எழுவாயாகவே கொள்ளும்.

உறுப்பின் நிலையைக் கூறி ஆளைச் சித்திரிப்பதற்கும் இத்தொடர் பெரிதும் பயன்படும். 'கண்கள் கலங்கி நின்றாள்' என்கிறோம் அல்லவா? அதுவே ஆங்கிலத்தில் 'ஹர் ஐஸ் ஃபில்லிங் வித் டியர்ஸ், ஷி ஸ்டுட் ஸைலன்ட்' என வரும். சில வேளை 'பீயிங்' என்பதும் மறைந்து, 'தி மீட்டிங் ஓவர், வி வென்ட் ஹோம்' எனச் சுருங்கும்.

மனத்திற் கொள்ளத்தக்கவை மூன்று. முதலாவது, இத்தொடரில் வரும் பெயரின் வடிவம். வடமொழி இவ்விடத்தில் ஏழாம் வேற்றுமையை வேண்டும். இன்றைய ஆங்கிலம் எழுவாய் வடிவையே வேண்டும். ஆதலின் 'ஹிம் பீயிங்' என்னாது 'ஹி பீயிங்' என எழுதுதலே ஏற்புடையது. இரண்டாவது, காற்புள்ளி. அது தொடரின் இறுதியில் நிற்க வேண்டும். பெயருக்கும் அதன் எச்சத்திற்கும் நடுவே புகலாகாது. மூன்றாவது, முற்றுப்புள்ளி. 'தி டிரெயின் பீயிங் லேட்' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்தால் அது வாக்கியமாகாது. என்ன நேர்ந்தது என்று கேட்பவர் காத்திருப்பார்.

இவ்வமைப்பு பெரும்பாலும் எழுத்து நடைக்கே உரியது. பேச்சில் 'வெதர் பெர்மிட்டிங்' போன்ற சில வழக்குகளே மிகுதி. மற்ற இடங்களில் 'பிகாஸ்', 'வென்' என்று தொடங்கிச் சொல்வதே எளிது. கடிதத்தில் ஐயம் எழுந்தாலும் அவ்வாறே எழுதுக. அதற்கு முன், இரு வினைகளையும் நோக்கி 'யார்?' என்று தமிழில் வினவிப் பாருங்கள். விடை இரண்டாயின், இரு பெயர்களையும் எழுதிவிடுங்கள். நம் தாய்மொழி அறிவே பிறமொழியில் நமக்குக் கைவிளக்காகும்.