விருப்பக்குறியும் வாக்கும்



பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தின் விழாவில் அரசியற் பொருள் எதற்கெனச் சிலர் வினவக்கூடும். ‘செல்வாக்கு’ என்னும் சொல்லே இன்றைய என் பொருள். செல்லும் வாக்கு செல்வாக்கு. பிறரிடம் எடுபடும் சொல்லை உடையவரே செல்வாக்குடையவர். இன்றோ, முகநூலில் எத்தனை பேர் தொடர்கின்றனர், யூடியூபில் எத்தனை பேர் பார்த்தனர் என்னும் எண்ணிக்கையே வேட்பாளரின் செல்வாக்கென மதிக்கப்படுகின்றது.

இவ்வளவுகோல் சரியானதா? 2021ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டமன்றத் தேர்தலை நோக்குவோம். சமூக ஊடகங்களில் பல இலட்சம் பேர் பின்தொடர்ந்த நடிகர் கமல்ஹாசன், கோயம்புத்தூர் தெற்குத் தொகுதியில் 1,728 வாக்குகளில் தோல்வியுற்றார். அவருடைய மக்கள் நீதி மய்யம் ஓரிடமும் பெறவில்லை. மாநில அளவில் நூற்றுக்கு மூன்று வாக்குகளையும் எட்டவில்லை. பார்த்தவர் பலர், வாக்களித்தவர் சிலர்.

நம் புதுச்சேரியில் இவ்விடைவெளி இன்னும் பெரிதாகும். இங்குத் தொகுதிகள் 30. 2021இல் வாக்காளர் ஏறத்தாழ 10 இலட்சம். ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33 ஆயிரம் பேரே. ஒரு காணொளியை ஓர் இலட்சம் பேர் பார்த்தனர் என்றால், அவர்களுள் பெரும்பாலோர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ பிரான்சிலோ இருப்பவராகலாம். பாகூர் ஏரிப் பாசன வயலில் நடவு நடும் பெண் எதற்கும் விருப்பக்குறி இடாதவளாயிருக்கலாம். ஆயினும் அவளுக்கும் ஒரு வாக்கு உண்டு. அதனை எவருக்கும் அறிவிக்காமல் அளிக்கும் உரிமையும் உண்டு.

எண்ணிக்கைக்கு மதிப்பு எவ்வாறு வருகின்றது என்பதற்கு நம் மண்ணிலேயே சான்றுண்டு. வில்லியனூர் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று, மக்களால் தேர்ந்தெடுக்கப்பெற்ற 178 பேர் கூடி, இந்திய இணைப்புக் குறித்து வாக்களித்தனர். ஆதரவு 170, எதிர்ப்பு 8. வாக்களிப்பவர் யார் என்பது தெளிவு. ஒருவர்க்கு ஒரு வாக்கே. எதிர்த்த எட்டும் எண்ணப்பெற்றது. விருப்பக்குறிக்கு இம்மூன்று வரம்புகளும் இல்லை. ஒருவரே பல பெயரில் இடலாம், விலைக்கும் வாங்கலாம், வெறுத்துப் பார்த்தவரும் பார்த்தவராகவே கணக்கிடப்படுவர்.

சமூக ஊடகம் வீண் என்பது என் கருத்தன்று. பணவலிமையற்ற எளிய வேட்பாளர் தம் குரலை எழுப்பவும், சாலையும் குடிநீரும் இல்லாத குறையைச் சிற்றூரார் எடுத்துரைக்கவும் அது துணைசெய்கின்றது. அதன் ஆற்றலை உணர்ந்தே, வேட்பாளர்தம் சமூக ஊடகக் கணக்குகளையும் விளம்பரச் செலவையும் தெரிவிக்க வேண்டுமெனத் தேர்தல் ஆணையம் 2013இலேயே நெறிப்படுத்தியது.

எனினும் கட்சிகள் அவ்வெண்ணைக் கொண்டே வேட்பாளரைத் தெரிவு செய்யத் தொடங்கின், ஊராரின் இன்ப துன்பங்களில் உடனிருந்து, படமெடுத்துக் காட்டாமல் தொண்டாற்றுபவர் பட்டியலில் இடம்பெறாமற் போவார். அவருக்கு வாக்களிக்கும் வாய்ப்பே நமக்கு அமையாது. வள்ளுவர் ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிதல் கண்ணின் தொழில். தெளிதல் அறிவின் தொழில். கைப்பேசி காட்டுவதைத் தெரிந்துகொள்வோம். தெளியும் பொறுப்பை நாமே ஏற்போம்.