பிளாட்பாரம் என்றொரு சொல்

பெரியவர்கள் பலர் அமர்ந்து அவையை நடத்திய இந்தத் தலைமை நாற்காலியில் என்னை உட்கார வைத்துவிட்டீர்கள். நன்றியும் சொல்ல வேண்டும், கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. காலையில் வானகரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து இந்த மண்டபத்துக்கு வந்து சேர இருபது நிமிடம் ஆயிற்று. தூரம் என்னவோ கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். உரை தடுமாறினால் அந்தச் சாலையின் மேல் பழியைப் போட்டுக்கொள்கிறேன்.

‘மூப்படைந்த அலுவலக வளாகங்களும் அவற்றைச் சுற்றிய தெருக்களும்’ என்று இன்றைய தலைப்பை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். பின்னணி உங்களுக்குத் தெரிந்ததே. 2014-இல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை அதற்கென எழுதிவைத்தது. 2019-இல் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் திறந்தது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் நடைபாதையை வாழ்வுரிமையோடு சேர்த்துவிட்டது. இவையெல்லாம் இன்றைய கட்டுரைகளில் வரும், நான் முந்திக்கொள்ளவில்லை.

ஆனால் ஒரு விண்ணப்பம். அலுவலகத் தெருவைப் பற்றிப் பேசும்போது பாண்டி பஜார் படத்தைப் போட்டுக் காட்டாதீர்கள். அங்கே வருகிறவர் வேடிக்கை பார்த்துக்கொண்டு நடக்க வந்தவர். இங்கிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷேர் ஆட்டோவிலிருந்து குதிப்பவருக்கு ஒன்பது மணிக்குள் கார்டைத் தேய்க்க வேண்டும். 1964-இல் லாரிக்காகப் போட்ட தெருக்கள் அவை. பட்டறை இருந்த மனையில் இன்று கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. தெரு மட்டும் இன்னும் லாரியைத்தான் எதிர்பார்த்துக் கிடக்கிறது.

இனி என் பழைய வழக்குக்கு வருகிறேன். முப்பது ஆண்டுகளாக நாம் நடைபாதையின் அகலத்தைப் பற்றியே சண்டை போட்டிருக்கிறோம். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து சிரிக்கும் என் நண்பர் இதற்காக என்னோடு இரண்டு கருத்தரங்குகளில் மோதியிருக்கிறார். நடைபாதைகளுக்கான ஐஆர்சி 103 வழிகாட்டியைத் திறந்தால் அவர் கண்ணில் படுவது 1.8 மீட்டர் என்ற குறைந்தபட்ச அகலம். சரியான அளவுதான், மறுக்கவில்லை. அதே ஆவணத்தில் கெர்ப் கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கிறதே! அரை அடி, ஒரு சாதாரணப் படியின் உயரம். அந்த வரியை யாராவது மேற்கோள் காட்டி நான் கேட்டதில்லை.

நம் ஊரில் அது ஏன் அரை அடியில் நிற்பதில்லை? நடைபாதை என்று நாம் சொல்வது பெரும்பாலும் மழைநீர் வடிகாலின் மூடி. வடிகாலின் மட்டத்தைக் குறிக்கிறவர் தண்ணீரை நினைத்துக் குறிக்கிறார். காலை நினைத்து அல்ல. சாலையைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்ட பழக்கத்தில், நாளை சாலை உயரும் என்று இன்றே சிலாபை ஏற்றிவிடுகிறார். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே சொல்ல வேண்டியிருந்தது.

பழைய வளாகங்களில் இன்னொரு தொல்லை கேட். ஒவ்வொரு மனைக்கும் ஒரு கேட், சிலவற்றுக்கு இரண்டு. கேட் வந்ததும் சிலாப் நின்றுவிடும், வண்டிக்காகச் சரிவு தொடங்கும். ஏறு, பத்தடி நட, இறங்கு, மறுபடி ஏறு. போன மாதம் ஒரு பழைய வளாகத்தின் வாசலில், பெயர் வேண்டாம், கையில் டிபன் கேரியரோடு ஓர் அம்மாள் வந்தார். முதல் சிலாபில் ஏறினார், இறங்கினார். இரண்டாவதைப் பார்த்தார். பேசாமல் சாலையில் இறங்கி, தண்ணீர் லாரிக்கு முன்னால் நடக்கத் தொடங்கினார். அதற்கு நாம் வைத்த பெயர் ‘பாதசாரிகளின் ஒழுங்கின்மை’.

இந்தத் துறையில் யாரும் தொடாத ஒரு சான்று நம் வாயிலேயே இருக்கிறது. கோப்பில் நடைபாதை என்று எழுதுகிறோம். சென்னைக்காரர் வாயில் அது பிளாட்பாரம். ரயிலுக்காகக் காத்திருக்கும் மேடைக்கும் அதே சொல். மக்கள் தவறாகச் சொல்லவில்லை. கட்டப்பட்டிருப்பது மேடைதான், அதனால்தான் அதில் கடை போடுகிறார்கள், படுக்கிறார்கள், நடப்பதில்லை.

ஆகாய நடைமேம்பாலக் கட்சியினருக்கும் ஒரு வார்த்தை. 2023-இல் தி.நகரில் திறந்த பாலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைக்கிறது. அங்கே அது பொருந்தும். ஆனால் எதிர்சாரியில் இருக்கும் டீக்கடைக்குப் போகிறவரை மாடி ஏற்றி இறக்குவது என்ன நியாயம்? டெல்லி நேரு பிளேஸ் 1970-களிலேயே வண்டி நுழையாத சதுக்கத்தோடு எழுந்த வளாகம். உள்ளே நடக்கலாம், உள்ளே போய்ச் சேருவதுதான் பாடு. வாசலுக்கு வெளியே இருக்கும் நூறடியைச் சரிசெய்யாமல் உள்ளே எதைச் செய்தும் பயனில்லை.

நான் கேட்பது இவ்வளவுதான்: கேட்டுக்கு முன் நடைபாதை இறங்கக் கூடாது. வண்டி ஏறி இறங்கட்டும். சாலையைக் கடக்குமிடத்தில் சாலையே நடைபாதை மட்டத்துக்கு உயரட்டும். இதற்கு மேல் என்னிடம் கோட்பாடு எதுவும் இல்லை. இதை மறுத்து வாதிடும் கட்டுரைகள் நான்கு இன்று வாசிக்கப்படுகின்றன என்று நிரலில் பார்த்தேன். காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன்.

மதிய உணவுக்குப் பின் வேன் உங்களை எஸ்டேட் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து நடைதான். அமைப்பாளர்கள் ஆளுக்கொரு டேப் தருகிறார்கள். இன்று ஒருநாள் மட்டும் அகலத்தை விட்டுவிட்டு உயரத்தை அளந்து வாருங்கள்.