பிள்ளைகளின் கலியாணமும் சட்டமும்

(உடுமலைப்பேட்டையில் பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய பேச்சு)



சட்டம் என்றால் கூலி, போனஸ், நிலம் இவற்றைப் பற்றியது என்றே பேசிப் பழகிவிட்டோம். அது நம் வீட்டுக்குள்ளும் வருகிறது. பிள்ளையை எந்த வயது வரை காக்க வேண்டும், எந்த வயதுக்குப் பின் அதன் இஷ்டத்துக்கு விட வேண்டும் என்பதையும் சட்டம் சொல்லுகிறது. இதை உடுமலையில் பேசாமல் வேறு எங்கே பேசுவது?

2016 மார்ச் 13. இதே ஊரின் பஸ் நிலையத்தருகே, பட்டப்பகலில், ஜனங்களின் கண்ணெதிரே சங்கர் என்ற வாலிபர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் மனைவி கௌசல்யா வெட்டுக் காயங்களோடு உயிர் பிழைத்தார். சங்கர் குமரலிங்கத்துக் கூலிக் குடும்பத்துப் பிள்ளை, என்ஜினீயரிங் மாணவர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர். கௌசல்யா வேறு ஜாதி. கலியாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் செய்த "குற்றம்" அந்தக் கலியாணம்தான்!

சட்டம் என்ன சொல்லுகிறது? பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிரம்ப வேண்டும். அதற்கு முன் கலியாணம் செய்து வைக்கிற பெரியவர்களை 2006-ஆம் வருஷத்துச் சட்டம் தண்டிக்கும். வயது நிரம்பிவிட்டாலோ, தாய் தகப்பன் சம்மதமும் வேண்டாம், ஜாதியின் சம்மதமும் வேண்டாம். 1967-இல் தமிழ்நாடு செய்த திருத்தப்படி, புரோகிதர் இல்லாமல், நாலு பேர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொண்டாலும் அது செல்லும்.

பின் ஏன் சங்கர் செத்தார்? ஏட்டில் இருந்த உரிமைக்கு வீதியில் காவல் இல்லை, அதனால் செத்தார்.

2017 டிசம்பரில் திருப்பூர் கோர்ட் ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. அவர்களில் கௌசல்யாவின் தகப்பனாரும் ஒருவர். 2020 ஜூனில் சென்னை ஹைகோர்ட், சதி நிரூபணமாகவில்லை என்று அவரை விடுதலை செய்தது. மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. தீர்ப்பைப் பற்றி வாதாட நாம் கூடவில்லை. எத்தனை கோர்ட் ஏறினாலும் குமரலிங்கத்துக்கு மகன் திரும்பவில்லை; அதைத்தான் சொல்லுகிறோம். கொலைக்குப் பின் வருகிற சட்டம் போதாது, கொலைக்கு முன் வர வேண்டும்.

முன்னே வருவதற்கும் உத்தரவு உண்டு. 2018 மார்ச் 27-இல் சுப்ரீம் கோர்ட் தெளிவாகச் சொன்னது: வயது வந்த இருவரின் கலியாணத்தில் தலையிட எந்தப் பஞ்சாயத்துக்கும் அதிகாரம் இல்லை. மாவட்டந்தோறும் தனிப் பிரிவு வேண்டும். மிரட்டப்படும் தம்பதிக்குப் பாதுகாப்பான தங்குமிடம் வேண்டும். கடமை தவறிய அதிகாரி மீது நடவடிக்கை வேண்டும். ஆனால் மிரட்டலையும் வீட்டுச் சிறையையுமே தனிக் குற்றமாக்கித் தண்டிக்கும் சட்டம் வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. 2025 அக்டோபரில் தமிழக சர்க்கார், இதற்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையத்தை அறிவித்தது.

அதுவரை கைகட்டி நிற்பதா? கூடாது. நம் ஆலையிலோ சேரியிலோ இப்படி ஒரு ஜோடி வந்து நின்றால் செய்ய வேண்டியவை இவை. வயதுச் சான்றைக் கையில் வையுங்கள். கலியாணத்தைப் பதிவு செய்யுங்கள். போலீசில் எழுத்து மூலம் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். "பேசித் தீர்த்துக்கொள்" என்று பெண்ணை அவள் இஷ்டத்துக்கு விரோதமாக அனுப்ப யாருக்கும் அதிகாரம் இல்லை. பலவந்தமாகத் தூக்கிப் போனால் ஹைகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு உண்டு. பெண்களுக்கும் தாழ்த்தப்பட்டோருக்கும் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

முக்கியமாக, அவர்களைத் தனியே அனுப்பாதீர்கள். ரெண்டு பேராகப் போனால் விரட்டுகிற ஸ்டேஷன், இருபது பேராகப் போனால் நாற்காலி போடும்.

தாய்மார்களே! ஒரே மில்லில், ஒரே ஷிப்டில், ஒரே பஞ்சுத் தூசியை மூச்சில் வாங்குகிறோம். தூசிக்கு ஜாதி தெரியாது. நம் பிள்ளைகள் மனமொத்துச் சேரும்போது மட்டும் நமக்கு ஜாதி தெரிவானேன்? 18 வரை பிள்ளையைக் காப்போம். அதன் பின் பிள்ளையின் சொல்லைக் காப்போம். உடுமலை வீதியில் இனி ஒரு சங்கர் விழ விடமாட்டோம்!